கிறிஸ்மஸ் ஐக்கிய விருந்து: நானூறு பேருக்கு பஃபே மெனு போடுவது எப்படி?

இந்த வருடம் கிறிஸ்மஸ் ஐக்கிய விருந்தை பஃபேயாக வைத்துக்கொள்ளலாம் என்று சபைக் கமிட்டி முடிவெடுத்துவிட்டது. சாப்பாட்டுப் பொறுப்பு உங்களிடம் வந்திருக்கிறது. ஆராதனை முடிந்ததும் நானூறு பேர் வரை சாப்பிடுவார்கள். எங்கிருந்து தொடங்குவது?

"என்னென்ன ஐட்டம் போடலாம்?" என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள். அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். வரிசையில் கடைசியாக வரப்போகிறவர் யார் என்று முதலில் யோசியுங்கள். பாடகர் குழுப் பிள்ளைகள், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியைகள், நாற்காலி தூக்கிப் போட்ட வாலிபர்கள், ஆலயத்தைப் பூட்டிவிட்டு வரும் கோயில்பிள்ளை. இவர்கள்தான் கடைசியில் வருவார்கள். அவர்கள் தட்டை நீட்டும்போதும் கறி இருக்க வேண்டும், சோறு சூடாக இருக்க வேண்டும். கொரிந்து சபையில் முந்தினவர்கள் சாப்பிட்டு முடிக்க, பிந்தினவர்கள் பசியோடு நின்றதைத்தான் பவுல் அத்தனை கடுமையாகக் கண்டித்தார். சபை விருந்துக்கு மெனு போடுகிறவர் அதைச் சொல்லும் வேதாகம அதிகாரத்தை ஒருமுறை வாசித்துவிட்டு உட்காருவது நல்லது.

பந்தியில் இந்தக் கவலை குறைவு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து அசனத்தை (ஆலயத்தில் சபையார் எல்லோரும் சேர்ந்து உண்ணும் பெருவிருந்து) நினைத்துப் பாருங்கள். சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு, சாம்பார், ரசம் என்று எல்லாவற்றையும் அனுபவசாலி ஒருவர் கரண்டியில் அளந்துகொண்டே போவார். கறி குறைகிறது என்று தெரிந்தால் அடுத்த பந்தியில் அவர் கை தானாகச் சுருங்கும். பஃபேயில் அந்தக் கை இல்லை. எடுப்பவரே அளக்கிறார், அதுவும் பசியோடு இருக்கும்போது அளக்கிறார். அதனால் அசன மெனுவை அப்படியே மேசையில் வைத்தால் பஃபே ஆகிவிடாது.

அப்படியானால் எத்தனை ஐட்டம் வைக்கலாம்? குறைவாக வையுங்கள், ஆனால் ஒவ்வொன்றும் தாராளமாக இருக்கட்டும். பத்து ஐட்டம் இருந்தால் ஒவ்வொருவரும் பத்திலும் ஒரு கரண்டி எடுப்பார், பாதியைக் குப்பையில் போடுவார், வரிசையும் நகராது. ஒரு பிரியாணி, ஒரு சைவச் சோறு, இரண்டு தொடுகறி, பச்சடி, தயிர்ச்சோறு, ஒரு இனிப்பு. நானூறு பேருக்கு இது போதும். "கல்யாண வீட்டில் இருபது ஐட்டம் போடுகிறார்களே, நாம் குறைத்தால் பேசமாட்டார்களா?" என்று கமிட்டியில் யாராவது கேட்பார்கள். கறி தீர்ந்துபோனால்தான் பேசுவார்கள். நூடுல்ஸ் இல்லை என்று யாரும் பேசுவதில்லை.

எந்தப் பதார்த்தம் பஃபேக்கு ஏற்றது? அடுப்பிலிருந்து இறக்கி ஒரு மணி நேரம் ஆன பிறகும் ருசி மாறாமல் இருப்பதுதான். இந்த ஒரு கேள்வியிலேயே பாதிப் பட்டியல் கழிந்துவிடும். சிக்கன் சிக்ஸ்டி ஃபைவ் மூடி போட்ட பாத்திரத்தில் பத்து நிமிடத்தில் நமத்துவிடும். பரோட்டாவும் சப்பாத்தியும் தோல் மாதிரி ஆகிவிடும். மீன் வறுவல் ஆறினால் வாடை அடிக்கும், கூட்டத்தில் குழந்தைகளுக்கு முள் பார்த்து எடுத்துக் கொடுக்கவும் முடியாது. பிரியாணி, கத்தரிக்காய்க் கறி, சிக்கன் சுக்கா, அவித்த முட்டை, தயிர்ச்சோறு, பிரெட் அல்வா ஆகியவை நிற்கும். அப்பளம் வேண்டுமென்றால் தகர டின்னில் வைத்து, கடைசியில் ஒருவர் கையால் கொடுக்கட்டும்.

ஆடா, கோழியா? பணம் இருந்தால் ஆடு. பணம் இழுபறியாக இருந்தால், தட்டுக்கு ஒரு எலும்புத் துண்டு விழுகிற மட்டன் பிரியாணியைவிட, நிறைவாகக் கறி போட்ட சிக்கன் பிரியாணி எவ்வளவோ மேல். அதோடு ஆளுக்கு ஒரு முட்டை வையுங்கள். முட்டையை எண்ணிவிடலாம், யாருக்கும் குறையாது.

இப்போது அளவு. இங்கேதான் பலரும் பயப்படுகிறார்கள். கணக்கு எளிதுதான்.

நானூறு பேரில் பத்து வயதுக்குக் கீழே எண்பது குழந்தைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தையை அரை ஆளாகக் கணக்கிட்டால், பெரியவர்கள் 320, குழந்தைகள் 40, ஆக 360 சாப்பாடு. இதில் சைவம் ஐம்பது பேர் என்றால் பிரியாணி 310 பேருக்கு. பக்கத்தில் தயிர்ச்சோறும் மற்றதும் இருப்பதால், ஒரு கிலோ அரிசிப் பிரியாணி ஒன்பது பத்துப் பேருக்கு வரும். ஏறக்குறைய 33 கிலோ. கைக்காவலாகச் சேர்த்து 35 கிலோ அரிசி. மட்டன் என்றால் அதே எடை. கோழி என்றால் கிலோ அரிசிக்கு ஒன்றேகால் கிலோ, அதாவது 44 கிலோ. சீரகச் சம்பாவா பாசுமதியா என்பதை உங்கள் ஊர் நாக்கு முடிவு செய்யட்டும். வெங்காயப் பச்சடிக்கு நூறு பேருக்கு ஐந்தாறு லிட்டர் தயிர் பிடிக்கும். தயிர்ச்சோற்றுக்கு 12 கிலோ அரிசி போதும்.

இந்த 35 கிலோவையும் ஒரே அண்டாவில் போட வேண்டாம் என்று சமையல் மாஸ்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். நான்கு தேக்சாவாகப் பிரிக்கச் சொல்லுங்கள். தம் போட்டு (மூடியை அடைத்து, மேலே கங்கு வைத்து ஆவியிலேயே வேகவிட்டு) இறக்கிய தேக்சா திறக்காத வரை நெடுநேரம் சூடு தாங்கும். மூடியைத் திறந்து கிளறிவிட்டால் சூடு மளமளவென்று இறங்கிவிடும். நான்கு தேக்சா இருந்தால் ஒன்று தீர்ந்த பிறகு அடுத்ததைத் திறக்கலாம். நானூறாவது ஆளுக்கும் ஆவி பறக்கிற சோறு கிடைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஆட்கள் எத்தனை பேர் என்று எப்படித் தெரியும்? வழக்கமான ஞாயிறு வருகையை நம்பாதீர்கள். கிறிஸ்மஸ் சமயத்தில் வெளியூரில் வேலை பார்க்கிறவர்களும், கட்டிக்கொடுத்த மகள்களும் குடும்பத்தோடு வந்து சேருவார்கள். இரண்டு ஞாயிறுக்கு முன்பே கூப்பன் கொடுத்து, பெயர், தலைக்கணக்கு, குழந்தைகள் எத்தனை, சைவம் எத்தனை என்று எழுதி வாங்குங்கள். சைவத்துக்குப் பச்சை நிறத்தில் தனிக் கூப்பன் கொடுத்தால் அன்றைக்கு மேசையில் குழப்பம் வராது. கூப்பனுக்குக் காசு வாங்குவதா என்பது உங்கள் சபையின் விருப்பம். வாங்கினாலும், கொடுக்க முடியாத வீட்டுக்குக் கூப்பன் கேட்காமலே போய்ச் சேர வேண்டும்.

சைவக்காரர்கள் கொஞ்சம் பேர்தானே, ஒரு ஓரத்தில் வைத்தால் ஆகாதா? ஆகாது. பஃபேயில் முதலில் தீர்வது பெரும்பாலும் வெஜிடபிள் பிரியாணிதான், ஏனென்றால் கறி சாப்பிடுகிறவர்களும் அதில் ஒரு கரண்டி எடுத்துக்கொள்வார்கள். கடைசியில், வேறு எதையும் சாப்பிட முடியாத அந்த ஐம்பது பேருக்கு இருக்காது. அதனால் சைவத்துக்குத் தனி மேசை, தனிக் கரண்டி, அங்கே நிற்க ஒரு ஆள். ஐம்பது பேருக்கு ஐந்தாறு கிலோ அரிசி போதும் என்றாலும் பத்து கிலோ போடுங்கள்.

அக்கம்பக்கத்து இந்து, முஸ்லிம் குடும்பங்களையும் கூப்பிடுவீர்கள் அல்லவா? கறியை ஹலால் கடையில் வாங்கி, அதை ஒரு அட்டையில் எழுதி வைத்துவிட்டால் முஸ்லிம் விருந்தாளிகள் தயங்காமல் கை நனைப்பார்கள். மாட்டுக்கறி, பன்றிக்கறி வேண்டாம். சில சபைகளில் அது பழக்கமாக இருக்கலாம், இருந்தாலும் பொது மேசையில் ஒரு கரண்டி இடம் மாறினால் ஒருவர் மனம் நோகும். சபைக்குள்ளேயே செவன்த் டே அட்வென்டிஸ்ட் உறவுக்காரர்கள் இருந்தால், அவர்கள் பன்றிக்கறியோடு இறாலும் நண்டும் தொடமாட்டார்கள் என்பது நினைவிருக்கட்டும். எந்தப் பதார்த்தத்தில் முட்டை, முந்திரி, கடலை இருக்கிறது என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒவ்வாமை உள்ள குழந்தையின் அம்மா நூறு பேரைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

வயதானவர்கள் என்ன செய்வார்கள்? கையில் தட்டோடு வரிசையில் நிற்பது எழுபது வயதுக்காரருக்குச் சிரமம். எல்லோருக்கும் பஃபே வைத்தாலும், முப்பது நாற்பது பேருக்கு மேசை நாற்காலி போட்டு, பெரியவர்களை உட்காரவைத்து, வாலிபர்கள் பரிமாறட்டும். அவர்களுக்காகக் காரம் குறைந்த ஒரு கூட்டும், குழைந்த தயிர்ச்சோறும், ரசமும் வைத்தால் போதும். சர்க்கரை உள்ளவர்களுக்கு அல்வாவுக்குப் பதிலாகக் கொய்யா நறுக்கி வைக்கலாம்.

மேசையில் எதை முதலில் வைப்பது? இதில் கொஞ்சம் நேரம் செலவழியுங்கள், வரிசையின் வேகமும் கறியின் ஆயுளும் இதில்தான் இருக்கின்றன. தட்டு, பச்சடி, காய், முட்டை, பிறகு பிரியாணி என்று வரட்டும். பிரியாணியை முதலில் வைத்தால் தட்டு அங்கேயே நிறைந்துவிடும். பிரியாணிக்கும் சுக்காவுக்கும் மட்டும் பரிமாற ஆள் நிறுத்துங்கள். கையைச் சுருக்காத, ஆனால் அளவு தெரிந்த ஒரு அக்கா போதும். கறித் துண்டைத் தேடித் தேக்சாவைக் கிளறுகிற வேலை இதனால் நிற்கும், சோறும் உடையாது. மீதி எல்லாவற்றையும் அவரவர் எடுத்துக்கொள்ளட்டும்.

ஒருவர் கடக்கக் கால் நிமிடம் என்று வைத்தாலும், ஒரே வரிசையில் நானூறு பேர் கடக்க நூறு நிமிடம் ஆகும். இரண்டு நீள மேசைகளைச் சுவரை விட்டு நடுவில் போட்டு, இரண்டு பக்கமும் ஆள் போகவிட்டால் நான்கு வரிசை. இருபத்தைந்து நிமிடத்தில் முடியும். தண்ணீரையும் கேக்கையும் வேறு மூலையில் வையுங்கள்.

கெட்டுப்போய்விடுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கும். இருக்க வேண்டிய பயம்தான். சூடான உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ். இரண்டுக்கும் நடுவில் கிருமி வேகமாகப் பெருகும். அந்த நடுச்சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் எதையும் வைக்காதீர்கள். சோறுதானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். பேசிலஸ் சீரியஸ் (சோற்றில் வளரக்கூடிய ஒரு நுண்ணுயிர்) வேகவைத்தாலும் சாகாத வித்துகளாகத் தங்கி, வெதுவெதுப்பான சோற்றில் பெருகி நஞ்சு விடும். திரும்பச் சூடுபண்ணினாலும் அந்த நஞ்சு போகாது. அடியில் வெந்நீரும் அதற்குக் கீழே சின்ன விளக்கும் எரிகிற பஃபே பாத்திரங்களை வாடகைக்கு எடுங்கள். அவை சூட்டைக் காக்கும், ஆறியதைச் சூடாக்காது. ஆகவே சூடாகவே கொட்ட வேண்டும்.

மயோனைஸ் போட்ட சாலட் வேண்டாம். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை போட்டதே, அது எவ்வளவு சீக்கிரம் கெடும் என்பதால்தான். வெளிச் சமையல்காரரிடம் விடுவதானால் அவருடைய உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் கேளுங்கள், 14 இலக்கத்தில் இருக்கும். நிறப்பொடி போடக் கூடாது என்றும் சொல்லிவிடுங்கள்.

ஆராதனை நீண்டுவிட்டால்? கேரல், நாடகம், பரிசளிப்பு என்று கிறிஸ்மஸ் நிகழ்ச்சி நீளாமல் இருந்ததே இல்லை. போதகரிடமும் செயலாளரிடமும் முன்கூட்டியே பேசி, சாப்பாட்டு ஜெபம் எத்தனை மணிக்கு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் கடைசித் தம் பன்னிரண்டரைக்கு இறங்கட்டும், பதினொரு மணிக்கே வேண்டாம். அன்றைக்கு ஆலயத்துக்குள் இருந்து சமையல் பந்தலுக்குச் செய்தி கொண்டுபோக ஒரு வாலிபரை நிறுத்திவைத்தால், மாஸ்டர் அதற்கேற்ப அடுப்பை ஏற்றி இறக்கிக்கொள்வார்.

வீட்டிலிருந்து கொண்டுவருகிறோம் என்பவர்களை என்ன செய்வது? மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் உலர்ந்த பலகாரம் மட்டும். அச்சு முறுக்கு, முந்திரிக்கொத்து, கல்கல், பிளம் கேக் எல்லாம் நாள்கணக்கில் கெடாது; சபையாரின் கைப்பக்குவமும் மேசைக்கு வரும். கறிக்குழம்பு வேண்டாம். எப்போது சமைத்தது, எப்படிக் கொண்டுவந்தது என்று நீங்கள் விசாரிக்கவும் முடியாது, வேண்டாம் என்று அன்றைக்குச் சொல்லவும் முடியாது. ஆகவே அறிவிப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

தட்டுக்குப் பாக்குமட்டை நல்லது. ஒரு கையில் பிடித்து நின்று சாப்பிடலாம், வளையாது. பிளாஸ்டிக் தட்டும், பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் கப்பும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர் வைத்து, கழுவ இரண்டு பேரை அமர்த்துங்கள். குடிக்க மட்டும் ஆளுக்கு அரை லிட்டர் என்றால் 20 லிட்டர் கேன் பத்து வேண்டும், பதினைந்தாகச் சொல்லிவையுங்கள்.

பரிமாறுகிறவர்கள், சமைத்தவர்கள், பாடகர் குழு இவர்களுக்கான பங்கைத் தனியாக எடுத்து, மூடி, கனல் மேல் வைத்துவிடுங்கள். முதல் ஆளுக்குப் பரிமாறும் முன்பே எடுங்கள். மிஞ்சினால் கொடுக்கலாம் என்றால் மிஞ்சாது.

அப்படியும் மிஞ்சிவிட்டால்? திறக்காத, சூடு குறையாத தேக்சாவை உடனே அருகிலுள்ள ஆதரவற்றோர் இல்லத்துக்கு அனுப்பலாம். ஆனால் ஒரு வாரம் முன்பே அவர்களிடம் பேசி, அன்றைக்கு அவர்கள் சமைக்காமல் இருக்க வேண்டுமா, எத்தனை மணிக்குள் வந்தால் பயன்படும் என்று கேட்டு வைத்திருக்க வேண்டும். மேசையில் திறந்து இரண்டு மணி நேரம் ஆனதை யாருக்கும் பார்சல் கட்டிக் கொடுக்காதீர்கள், எவ்வளவு வற்புறுத்திக் கேட்டாலும்.