உப்பிட்டவரும் உபதேசமும்

'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று நம் வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். இல்லறத்துக்கு இது உயர்ந்த தர்மந்தான். ஆனால் ராஜாங்கத்துக்கு யோசனை சொல்லும் பண்டிதர் இந்தத் தர்மத்தை அநுசரிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? அமெரிக்காவின் தலைநகரான வாஷிங்டனில் இக்கேள்வி அடிக்கடி எழுவதுண்டு.

வெளிநாட்டு விவகாரங்களை ஆராயும் ஸ்தாபனங்கள் பல அந்நகரில் இருக்கின்றன. ஆங்கிலத்தில் 'திங்க் டாங்க்' என்பார்கள். ஆலோசனைக் கழகங்கள் என்று நாம் சொல்லலாம். அறிக்கைகள் வெளியிடுவதும், மந்திரிகளுக்கு யோசனை கூறுவதும், சட்டசபையில் சாட்சியம் சொல்வதும் இவற்றின் வேலை. இன்று கழகத்தில் ஆராய்ச்சி செய்பவர் நாளை சர்க்காரில் பெரிய பதவி வகிப்பார். ஆட்சி மாறினால் மறுபடி கழகத்துக்கே திரும்புவார்.

இவற்றின் ஜீவனம் பெரும்பாலும் கொடையினால் நடக்கிறது. 1910-ம் வருஷத்தில் எஃகு ஆலை அதிபர் ஆண்ட்ரூ கார்னகி, யுத்தத்தை ஒழிப்பதற்கென்று ஒரு கோடி டாலர் அளித்து ஒரு கழகம் ஏற்படுத்தினார். யுத்தம் ஒழிந்த பிறகு அடுத்தபடி எந்தத் தீமையை ஒழிக்கலாம் என்று யோசிக்கும்படியும் தர்மகர்த்தாக்களைக் கேட்டுக்கொண்டார்! நான்கே வருஷத்தில் முதல் மகாயுத்தம் மூண்டது.

பணத்தால் யுத்தத்தை நிறுத்த முடியவில்லை. ஆனால் ராஜதந்திரத்துக்கு உருக்கொடுக்க முடிந்தது. 1939-ல் இரண்டாவது யுத்தம் தொடங்கியதும், நியூயார்க்கிலுள்ள வெளிநாட்டு உறவுக் கழகம் அமெரிக்க சர்க்காருக்காக ரகசிய ஆராய்ச்சி ஒன்றை ஆரம்பித்தது. ராக்பெல்லர் தர்ம ஸ்தாபனம் அதற்குச் சுமார் மூன்றரை லட்சம் டாலர் கொடுத்தது. 1945-க்குள் 682 அறிக்கைகள் தயாராயின.

அக்காலத்தில் கொடுத்தவர்கள் உள்நாட்டுத் தனவான்கள். பிற்காலத்தில் அந்நிய சர்க்கார்களும் கொடுக்க முன்வந்தன. 2014-ல் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகை இவ்விஷயத்தை அம்பலமாக்கியது. புரூக்கிங்ஸ் என்னும் புகழ்பெற்ற கழகத்துக்கு, நான்கு வருஷத்தில் 1 கோடியே 48 லட்சம் டாலர் தருவதாகக் கத்தார் நாடு ஒப்புக்கொண்டிருந்தது. கத்தாரைக் குறைகூறி எழுதலாகாது என்று வேலையில் சேரும்போதே தமக்குச் சொல்லப்பட்டதாக, அதன் தோஹா கிளையில் இருந்த அறிஞர் ஒருவர் தெரிவித்தார். தங்கள் அறிஞர்களின் சுதந்திரத்துக்குப் பங்கமில்லை என்று கழகத்தார் மறுத்தனர்.

இதில் கவனிக்க வேண்டிய சூட்சுமம் ஒன்று உண்டு. பணம் வாங்கியவர் பொய் எழுத வேண்டியதில்லை. எழுத வேண்டிய ஒன்றை எழுதாமல் விட்டாலே போதும். பொய்யைப் படிப்பவர் கண்டுபிடிக்கலாம். மௌனத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்காகக் கொடையே கூடாது என்பது நியாயமாகாது. பணமின்றி ஆராய்ச்சி ஏது? முழுச் செலவையும் சர்க்காரே ஏற்றால், சர்க்காரைக் கண்டிப்பவர் யார்? கணக்கு வெளிச்சத்துக்கு வருவதே தக்க பரிகாரம். 2015-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை ஒரு விதி செய்தது: சாட்சி சொல்ல வரும் வெளியார், அந்த விஷயம் சம்பந்தமாக அந்நிய சர்க்கார்களிடம் பெற்ற தொகையை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

நம்முடைய பத்திரிகைகளிலும் இத்தகைய நிபுணர்களின் அபிப்பிராயங்கள் வருகின்றன. படிக்கும்போது இரண்டு கேள்விகள் கேட்போம்: இவர் என்ன சொல்கிறார்? இவருக்கு உப்பிட்டவர் யார்? இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் கழகமே, 'சுயேச்சை' என்ற பெயருக்கு உரிமை கொண்டாடலாம்.