மீனுக்கும் நண்டுக்கும் பட்டா உண்டா? வசவு வார்த்தை கச்சேரிப் பாட்டு ஆன கதை!

எண்ணூர்:

"டேய் புறம்போக்கு!" - பஸ்ஸிலே காலை மிதித்தவனை ஏசுவதற்குக் கைவசம் இருக்கும் வார்த்தை இது. இதையே பிரபல கர்நாடக சங்கீத வித்வான் ஒருவர் ராகம் போட்டுப் பாடினார். பாடிய இடம் சபா மேடை அல்ல. சாம்பல் பறக்கும் எண்ணூர்!

2017 ஜனவரியில் வெளியான 'சென்னை புறம்போக்கு பாடல்'தான் அது. பாடியவர் டி.எம்.கிருஷ்ணா. முந்தைய ஆண்டுதான் மகசேசே விருது பெற்றிருந்தார். பாட்டு எழுதியவர் கபேர் வாசுகி. மெட்டு ஆர்.கே.ஸ்ரீராம்குமார். படமாக எடுத்தவர் ரதீந்திரன் பிரசாத்.

வசவு ஆனது எப்படி?

வருவாய்த்துறைக் கணக்கில் புறம்போக்கு கெட்ட வார்த்தை அல்ல. யார் பேரிலும் பட்டா இல்லாத பொது நிலம். ஏரிப் புறம்போக்கு உண்டு. ஆற்றுப் புறம்போக்கு உண்டு. மாடு மேய விட்ட மேய்க்கால் புறம்போக்கும் உண்டு. வாயில்லா ஜீவனுக்கும் சர்க்கார் கணக்கில் இடம் இருந்தது அங்கேதான்!

நாளடைவில் சொந்தக்காரன் இல்லாத நிலம், உதவாத நிலம் ஆயிற்று. உதவாத மனுஷன் 'புறம்போக்கு' ஆனான். பாட்டு இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. புறம்போக்கு தனி ஆளுக்கு அல்ல, பூமிக்கே சொந்தம் என்பதுதான் அதன் வாதம்.

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் கழிமுகமும் அப்படிப்பட்ட இடம்தான். நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கும் அங்கேதான் இறாலும் நண்டும் மடவையும் குஞ்சிலிருந்து வளருகின்றன. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் மக்களுக்கு அதுதான் சோறு. அனல்மின் நிலையச் சாம்பலும், நிலக்கரிக் கிடங்கும், துறைமுக விரிவும் அதை நெருக்கிக்கொண்டே வந்தன.

சபாவிலிருந்து குப்பத்துக்கு

ஆனந்தபைரவி, பேகடா, சிந்துபைரவி என்று பாட்டு அசல் ராகமாலிகை. சாஸ்திரத்தில் குறை இல்லை. வார்த்தை மட்டும் மெட்ராஸ் பாஷை! சாமியைப் பாடிய ராகத்தில் சாம்பலும் ஆறும் ஏறின.

இது திடீரென்று வந்தது அல்ல. 2015-ல் கிருஷ்ணாவும், சுற்றுச்சூழல் எழுத்தாளர் நித்தியானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து பெசன்ட் நகர் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் விழா நடத்தினார்கள். கச்சேரி மீனவர் தெருவுக்கே வந்தது. அடுத்த படிதான் எண்ணூர். படத்தில் கிருஷ்ணா மாசுத் தடுப்பு முகமூடியோடு நிற்கிறார். பாடுகிற வாயையே மூடவேண்டிய ஊர்!

வரைபடத்தில் கழிமுகம் மாயம்!

பாட்டின் பின்னால் பேப்பர் வேலையும் நடந்தது. 1996-ல் மத்திய அரசு ஒப்புதல் தந்த கடலோர வரைபடத்தில் கழிமுகம் இருக்கிறது. அதிகாரிகள் பயன்படுத்திய இன்னொரு வரைபடத்தில் சுமார் 6,500 ஏக்கர் கழிமுகத்தையே காணோம்! தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கிய ஆவணங்களைக் காட்டி ஆர்வலர்கள் இந்தக் குற்றச்சாட்டைக் கிளப்பியதும் 2017-ல்தான்.

பாட்டு வந்த அதே ஜனவரி 28-ந் தேதி எண்ணூர் துறைமுகம் அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கரையில் திரண்ட எண்ணெயை ஆட்கள் வாளியில் அள்ளினார்கள். ஆமைகள் செத்து ஒதுங்கின.

2023 டிசம்பரில் மறுபடியும் அடி. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகத்தில் புகுந்தது. கூழைக்கடாக்கள் இறக்கையெல்லாம் எண்ணெய் அப்பித் தத்தளித்தன. படகும் வலையும் பாழ்.

பாதிக்கப்பட்ட மீனவர் குடும்பத்துக்கு 12,500 ரூபாய், படகுக்கு 10,000 ரூபாய் என்று அரசு நிவாரணம் அறிவித்தது. கூழைக்கடாவுக்கு? நண்டுக்கு? இறால் குஞ்சுக்கு? அவை மனு கொடுக்க முடியாது. ரேஷன் கார்டும் கிடையாது. அவற்றுக்கு உள்ள ஒரே வீடு, நாம் வசவாகச் சொல்லும் அந்தப் புறம்போக்குதான்.