பி சைடில் மூன்று நிமிடம்

1993. புதுச்சேரி, தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்து படுத்த என் நண்பனின் அப்பா எழுந்திருக்கவில்லை. எங்களுக்கு அப்போது பதினேழு வயது. காரியம் முடிந்த மறுநாளும் அவன் திண்ணையில் உட்கார்ந்து எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு சொட்டு அழவில்லை. "மனசத் தேத்திக்கப்பா" என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். எனக்கு அது வாயில் வரவில்லை. கையில் இருந்த காசுக்கு ஒரு அறுபது நிமிடக் காலி கேசட்டை வாங்கிக்கொண்டு பாட்டுப் பதியும் கடைக்குப் போனேன்.

அந்தக் கடைகளில் நின்றவர்களுக்கு நினைவிருக்கும். சுவர் முழுக்க இசைத்தட்டுகள், படப் பெயர்கள் எழுதி ஓரம் கிழிந்த நோட்டு, மேசையில் இரட்டை டெக். பட்டியல் எழுதிக் கொடுத்தால் இரண்டு நாளில் பதிந்து தருவார்கள், பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. நான் எழுதியதெல்லாம் துள்ளலான பாட்டுகள். எப்படியாவது அவனைச் சிரிக்க வைத்துவிட வேண்டும். கடைக்கார அண்ணன் பட்டியலைப் படித்துவிட்டு, "யாருக்கு தம்பி?" என்றார். சொன்னேன்.

"அப்பா போன வூட்ல இதப் போட்டா யாரு கேப்பா? அவன் இன்னும் அழவே இல்லன்ற. மொதல்ல அழ வுடு. எம்.எஸ்.வி. பாட்டு ரெண்ட முன்னாடி வெக்கறேன். அப்பறம் ராஜா பாட்டுல மெல்ல ஏத்திக்கினு வரலாம். பி சைடு கடைசில மூணு நிமிஷம் காலியா வுடறேன். பாட்டு முடிஞ்சதும் டக்குனு நின்னுபோனா நெஞ்ச அடைக்கும்."

கேசட்டைக் கொடுத்தபோது நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து வேறெதையோ பேசிக்கொண்டிருக்கையில், "பி சைடு தேஞ்சு போச்சுடா" என்றான்.

பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் தாருஃபி, கோல்ஷ் என்ற இரு ஆய்வாளர்கள் 772 பேரிடம் கேட்டறிந்து 2014-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சோகப் பாட்டு கேட்கிறவர்களிடம் அடிக்கடி எழுவது சோகமல்ல, போன நாள்களைப் பற்றிய ஏக்கம்தான் என்றார்கள். அதைப் படித்தபோது அந்த அண்ணனின் கடைக்கு ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. கடை மூடிப் பல வருடமாகிவிட்டது.

துக்கத்தில் இருப்பவருக்குப் பாட்டால் துணை நிற்பது கேசட் வந்த பிறகு தொடங்கியதும் அல்ல. ஒப்பாரியை ஒருமுறை காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். துக்க வீட்டுக்கு வரும் பெண் நேராகப் போய்த் தோளைக் கட்டிக்கொண்டு பாடத் தொடங்குவாள். இரண்டாவது அடியிலேயே தன்னுடைய தாயும், என்றோ செத்துப்போன தம்பியும் பாட்டுக்குள் வந்துவிடுவார்கள். தன் கதையைப் பாடுகிறாள் என்று ஊர் குறை சொல்வதில்லை. எனக்கும் இப்படி நேர்ந்தது, நான் இருக்கிறேன் பார் என்று காட்டுவதற்கு அவளிடம் இருப்பது அந்தப் பாட்டு ஒன்றுதான்.

பாட்டும் தோழமையும் சேர்ந்து ஒருவரைத் தாங்கியதை எங்கள் புதுச்சேரியும் பார்த்திருக்கிறது. பாரதி இங்கே வந்தது 1908-இல். கைதுக்குத் தப்பி வந்தவர் பத்தாண்டுகள் இருந்தார். 'இந்தியா' பத்திரிகை 1910-இல் நின்றது, வருமானம் நின்றது, வேவுகாரர்கள் மட்டும் நிற்காமல் பின்னாலேயே வந்தார்கள். தட்டாஞ்சாவடியிலிருந்து சைக்கிளில் போய்விடக்கூடிய கருவடிக்குப்பத்துப் பக்கம், கிருஷ்ணசாமி செட்டியாரின் மாந்தோப்புதான் அவருடைய குயில்தோப்பு. எழுதியதை நண்பர்கள் நடுவே பாடிக் காட்டுவது அவர் வழக்கம். 1917-இல் பரலி சு. நெல்லையப்பர் பதிப்பித்த 'கண்ணன் பாட்டு' நூலில் முதல் பாட்டே கண்ணனைத் தோழனாக வைத்துப் பாடியது. காதலன், குழந்தை, அரசன் என்று எத்தனையோ உறவுகள் இருக்க, தோழனை முன்னால் வைத்தார். அந்தப் பத்தாண்டுகளில் அவரைத் தாங்கியவர்கள் யார் என்று நினைத்துப் பார்த்தால் அது எனக்கு வியப்பாகத் தெரியவில்லை.

அப்புறம் கொரோனா. துக்க வீட்டுக்குப் போக முடியாது, தோளைத் தொட முடியாது. 2020 ஆகஸ்ட் 5-ஆம் தேதி எஸ்.பி.பாலசுப்ரமணியம் மருத்துவமனையில் சேர்ந்தார். நிலைமை மோசமானதும் இயக்குநர் பாரதிராஜா ஒரு வேண்டுகோள் விடுத்தார். ஆகஸ்ட் 20, மாலை 6 மணிக்கு அவரவர் இருக்கும் இடத்திலேயே எஸ்.பி.பி.யின் பாட்டை ஒலிக்கவிட்டுப் பிரார்த்திக்க வேண்டும் என்று. எங்கள் தெருவில் மொட்டை மாடியில் சிலர், வாசற்படியில் சிலர், கையில் கைப்பேசி. ஆளுக்கொரு பாட்டு. ஒன்றோடொன்று மோதி எதுவுமே தெளிவாகக் கேட்கவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி கையெடுத்துக் கும்பிட்டபடி நின்றார். செப்டம்பர் 25-இல் எஸ்.பி.பி. போய்விட்டார். அந்த மாலை வீண் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ஐந்து மாதமாகக் கதவை மூடிக்கொண்டிருந்த தெரு அன்றுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.

இப்போது பாட்டு அனுப்புவது ஒரு விரல் வேலை. அதனாலேயே ஒன்றைச் சொல்லிவிடத் தோன்றுகிறது. இருநூறு பேர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும் பாட்டு யாரையும் தொடுவதில்லை. நொந்திருப்பவன் எந்தப் பாட்டைத் தாங்குவான், எதைத் தாங்கமாட்டான் என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். பட்டியலில் இருந்து ஒரு பாட்டை அடித்துவிட வேண்டும். கேட்டாயா என்று பிறகு விசாரிக்கக் கூடாது.

2021 மே மாதம், இரண்டாம் அலையில் என் அம்மா போனார். மருத்துவமனையிலிருந்து நேரே சுடுகாட்டுக்கு. எனக்கும் தொற்று இருந்ததால் அறையை விட்டு வெளியே வரவில்லை. என் நண்பன் தெருமுனை வரை வந்து நின்று கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். அன்று முதல் தினமும் இரவு ஒன்பது மணிக்கு ஒரு பாட்டு வரும். கூடவே ஒரு சொல்கூட இருக்காது. நான் பதில் போட்டதில்லை. அழவும் இல்லை.

பதினாறாம் நாள் வந்தது யூடியூப் இணைப்பு அல்ல, அவனே பதிந்த ஒலி. முதல் விநாடியிலேயே தெரிந்துவிட்டது. அந்தக் கேசட்டின் பி சைடு, கடைசிப் பாட்டு. நாடா தேய்ந்து குரல் நடுங்கியது. பாட்டு முடிந்தது. அவன் பதிவை நிறுத்தவில்லை. வெறும் சரசரப்பு. நடுவே எங்கோ குக்கர் விசில், அவன் ஒருமுறை தொண்டையைச் செருமியது. நான் அழுது முடித்தபோதும் நாடா ஓடிக்கொண்டிருந்தது.