பகுதிநேர வேலை: ஒல்லாந்தில் ஒன்று, வளைகுடாவில் வேறொன்று



ஒல்லாந்தில் இருக்கும் அக்கா, "நான் இனிப் பகுதிநேர வேலைதான்" என்றால், பிள்ளைகளோடு இருக்க நேரம் கிடைத்துவிட்டது என்று பொருள். டுபாயில் இருக்கும் தம்பி அதையே சொன்னால், பெரும்பாலும் முழுநேர வேலைக்கு மேல் இன்னொரு வேலையும் பிடித்துவிட்டார் என்று பொருள். ஏன் இந்த வேறுபாடு?

ஒல்லாந்தில் வேலை பார்க்கும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் பகுதிநேரமாகவே வேலை செய்கிறார்கள். குறைந்த மணித்தியாலம் வேலை செய்பவரை அதற்காகப் பாகுபாடாக நடத்தக்கூடாது என்று 1996இல் சட்டம் வந்தது. வேலை நேரத்தைக் குறைக்கும்படி கேட்கும் உரிமை 2000இல் கிடைத்தது. மறுப்பதென்றால் முதலாளிதான் தக்க காரணம் காட்ட வேண்டும்.

ஐக்கிய அரபு இராச்சியத்திலும் சட்டம் மாறியிருக்கிறது. 2022 பெப்ரவரி 2ஆம் திகதி நடைமுறைக்கு வந்த தொழிற்சட்டம் பகுதிநேர வேலையை ஏற்றுக்கொள்கிறது. அமைச்சின் அனுமதிப் பத்திரத்தோடு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வேலை செய்யலாம். குவைத்தும் 2024 ஜனவரி முதல், முதல் முதலாளியின் சம்மதத்தோடு நாளுக்கு 4 மணித்தியாலம் வரை பகுதிநேர வேலைக்கு இடம் கொடுத்தது.

ஆனால் வேலையைக் குறைக்க நினைப்பவருக்கு அங்கே பெரிய தடை வீசாதான். பெரும்பாலானோரின் வதிவிட வீசா வேலையோடு கட்டப்பட்டிருக்கிறது. மனைவி பிள்ளைகளை அழைக்க மாதச் சம்பளம் 4,000 திர்ஹாம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் வேண்டும். நேரத்தைக் குறைத்தால் சம்பளம் குறையும். சம்பளம் குறைந்தால் குடும்பம் சேர்ந்திருக்கும் வழியே அடைபடலாம். குடும்பத்துக்காக நேரம் எடுக்கப்போய்க் குடும்பத்தையே பிரிய நேரிடும்.

ஆகவே, அங்கே இருக்கும் எங்கள் உறவுகளுக்கு ஓய்வு என்பது பகுதிநேர வேலையால் கிடைப்பதல்ல. முழுநேர வேலைக்குச் சட்டம் போட்ட எல்லையால் கிடைப்பது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் அந்த எல்லைகள் இவை:

• பொதுவாக நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 48 மணித்தியாலம். நோன்பு மாதத்தில் நாளுக்கு 2 மணித்தியாலம் குறைவு.
• மேலதிக வேலை நாளுக்கு 2 மணித்தியாலத்துக்கு மேற்படக்கூடாது. அதற்குக் குறைந்தது 25 வீதம் கூடுதல் சம்பளம். இரவு 10 மணி முதல் அதிகாலை 4 மணி வரை என்றால் 50 வீதம்.
• கிழமையில் ஒரு நாளாவது சம்பளத்துடன் ஓய்வு. ஓராண்டு முடித்தவருக்கு 30 நாள் விடுமுறை.

வீட்டுப் பணிப்பெண்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி, நாளுக்கு 12 மணித்தியால ஓய்வு, அதில் 8 மணித்தியாலம் தொடர்ச்சியாக; கிழமையில் ஒரு நாள் சம்பளத்துடன் லீவு.

2022 ஜனவரி முதல் அங்கே வேலை நாலரை நாள்தான் என்று சிலர் சொல்வார்கள். அது மத்திய அரச அலுவலகங்களுக்கு. தனியார் கம்பனிகளை அது கட்டுப்படுத்தாது.

எனவே உறவுகளோடு பேசும்போது, "எவ்வளவு அனுப்பினாய்?" என்பதோடு நிறுத்தாமல், "கிழமையில் ஒரு நாளாவது லீவு தருகிறார்களா? ஒப்பந்தப் பிரதி கையில் இருக்கிறதா? இரண்டாவது வேலைக்கு அனுமதிப் பத்திரம் எடுத்தாயா?" என்றும் கேளுங்கள். அனுமதியில்லாத வேலை வீசாவையே பறிக்கக்கூடும். ஓய்வு நாள் மறுக்கப்பட்டால் தொழில் அமைச்சில் முறையிட வழி உண்டு. இது தெரியாமல் இருப்பவர்கள் இன்னும் பலர்; தெரிந்த நாங்கள் சொல்லிவைப்போம்.