மூழ்குவதற்கென்றே ஒரு பூங்கா: உங்களுக்குத் தெரியுமா?

மழை வந்தால் பூங்காவைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போவதுதான் நமக்குப் பழக்கம். ஆனால் மழை வரும்போதுதான் வேலையே தொடங்கும் பூங்காக்களும் உலகில் இருக்கின்றன. ஊருக்குள் புகவேண்டிய வெள்ளத்தைத் தாம் வாங்கிக்கொண்டு, இரண்டு மூன்று நாள் மூழ்கிக் கிடந்து, தண்ணீர் வடிந்ததும் மறுபடி பிள்ளைகள் ஓடியாட இடம் தருபவை அவை. அவற்றில் சிலவற்றையும், அதே காரியத்தைப் பல நூற்றாண்டுகளாகச் செய்துவரும் புதுக்கோட்டைச் சீமையின் கண்மாய்களையும் பார்ப்போம்.

● பாங்காக் நகரத்தின் நடுவே 2017-ல் திறக்கப்பட்ட சூலலாங்கோர்ன் நூற்றாண்டுப் பூங்காவின் பரப்பு 11 ஏக்கர்தான். அந்த நிலம் முழுவதையும் 3 டிகிரி சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். மேட்டு முனையில் புல் வளர்ந்த கூரை. அங்கே விழும் மழை இருபுறமும் செடிப் படுகைகளில் வடிகட்டி இறங்கி, தாழ்ந்த முனையில் உள்ள குளத்தில் சேர்கிறது. மொத்தக் கொள்ளளவு சுமார் 38 லட்சம் லிட்டர். வடிவமைத்தவர் கோட்சகோன் வோராகோம் என்ற பெண் நிலவடிவமைப்பாளர். குளத்தின் ஓரத்தில் சைக்கிள்கள் உண்டு. போகிறவர்கள் ஏறி மிதித்தால் தண்ணீர் கலங்கி அதில் காற்று சேரும்.

● சிங்கப்பூர் பீஷான் – ஆங் மோ கியோ பூங்காவை ஒட்டிக் காலாங் ஆறு ஒரு காலத்தில் 2.7 கி.மீ. நேர்க்கோட்டு கான்கிரீட் கால்வாயாக ஓடியது. அந்தக் கான்கிரீட்டை உடைத்தெறிந்து, 3.2 கி.மீ. வளைந்து நெளிந்து போகும் ஆறாக மாற்றி, 2012-ல் மக்களுக்குத் திறந்துவிட்டார்கள். சாதாரண நாளில் புல்சரிவில் இறங்கித் தண்ணீரில் கால் நனைக்கலாம். கனமழையில் அதே சரிவுகள் ஆற்றுக்குச் சொந்தம். நீர்மட்டம் ஏறும்போது விளக்கும் சைரனும் எச்சரிக்கும்.

● நியூயார்க்கை சாண்டி புயல் தாக்கியது 2012 அக்டோபரில். அடுத்த ஆண்டு அங்கே ஆற்றங்கரையில் திறக்கப்பட்ட ஹன்டர்ஸ் பாயின்ட் சவுத் பூங்காவில், விளையாடும் புல்வெளியே வெள்ளம் வந்தால் நின்று வடியும் பள்ளம்.

● நம் சென்னைக்கும் ஒன்று உண்டு. அடையாற்றின் கழிமுகத்தை ஒட்டி, குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக் கிடந்த 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்காவாகத் திறந்தார்கள். கடலின் ஏற்றவற்றத்தோடு தண்ணீர் உள்ளே வந்து போகிறது. இப்போது மாநகராட்சி தன் சிறு பூங்காக்கள் பலவற்றிலும் ‘ஸ்பாஞ்ச் பார்க்’ என்று பள்ளமெடுத்துத் தெருவின் மழைநீரை இறக்குகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த நகரத்துக்கு இது தாமதமான வேலை. ஆனாலும் சரியான வேலை.

● இனி நம் மாவட்டம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடப் புதுக்கோட்டையில் இல்லை. வெள்ளாறும் அக்னியாறும் மழைக்கு மட்டும் கண்விழிப்பவை. வருகிற மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் தொடங்கி மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே வெள்ளம், வறட்சி இரண்டையும் ஒரே ஏற்பாட்டால் சமாளிக்கவேண்டிய பூமி இது. அதற்காகவே நம் முன்னோர் சுமார் ஐயாயிரம் குளம், கண்மாய், ஏந்தல், ஊருணிகளை இந்தச் சீமை முழுக்க வெட்டினார்கள். தனித்தனியாக அல்ல. மேட்டுக் கண்மாய் நிறைந்து கலிங்கு பாய்ந்தால் அந்த மறுகால் தண்ணீர், அடுத்த கண்மாயின் வரத்து வாரியில் விழும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இப்படி ஊர் ஊராக இறங்கிக் கடைசி மிச்சம்தான் ஆற்றுக்கும், அங்கிருந்து பாக் நீரிணைக்கும் போகும். ஒரே நாளில் ஊரை அடித்துப் போகக்கூடிய வெள்ளம், இந்தச் சங்கிலியில் வாரக்கணக்கில் நின்று நின்று நடக்கிறது.

● அக்னியாறு புறப்படும் இடம் எது தெரியுமா? மலையோ காடோ அல்ல. குளத்தூர்ப் பெருங்குளம். ஒரு குளத்திலிருந்து ஓர் ஆறே தொடங்குகிற மாவட்டம் நம்முடையது.

● புதுக்கோட்டைக் குளங்களில் கரையிலிருந்து சற்று உள்ளே, இரண்டு கல்தூண்களும் குறுக்கே கல்சட்டமும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பலர் அதை ஏதோ பழைய மண்டபத்தின் மிச்சம் என்று எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். அதுதான் குமிழித் தூம்பு. தூண்களுக்கு அடியில் ஒரு கல்தொட்டி. அதன் மேல்பக்கத்தில் நீரோடித் துளை, தரைமட்டத்தில் சேறோடித் துளைகள். மேல் துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் தண்ணீர் சுழித்து இறங்கி, கரைக்கு அடியில் பதித்த சுருங்கை வழியே வயலுக்குப் போகும். அந்த வேகத்தில் கீழ்த் துளைகள் வழியாக வண்டல் தானே இழுபட்டுக் கூடவே வெளியேறும். வயலுக்கு உரம், குளத்துக்குத் தூர் குறையும். தூம்பு அமைத்தவர் பெயரைக் கல்லிலேயே வெட்டி வைத்த குமிழிகள் இம்மாவட்டத்தில் நிறைய உண்டு. கட்டியவருக்கு அவ்வளவு பெருமை அந்த வேலையில். இன்று அந்தத் தூண்களில் மாடு கட்டுவதையும் துணி காயப்போடுவதையும் பார்க்கும்போது மனம் கனக்கிறது.

● ஏ. சேஷையா சாஸ்திரி 1878-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்தின் திவானாக வந்தார். முன்பே திருவிதாங்கூரில் திவானாக இருந்தவர். அகலமான நேர்த்தெருக்களோடு நகரைத் திருத்தி அமைத்த பெருமை அவரைச் சேரும். அந்த வேலையில் அவர் குளங்களை மூடி மனை போடவில்லை. பல்லவன் குளத்தையும் புதுக்குளத்தையும் ஆழப்படுத்திச் சீரமைத்தார். சாந்தநாத சுவாமி கோயிலை ஒட்டிப் பல்லவன் குளம் இன்றும் நகரத்தின் நடுவே இருக்கிறது. புதுக்குளத்தின் கரை இப்போது நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களின் இடம். 2024-ல் மாநகராட்சியாகிவிட்ட நம் ஊருக்கு, நீர்க்கரைப் பூங்கா என்பது புதிதாகக் கற்கவேண்டிய பாடம் அல்ல.

● திருமயம் சாலையில் கவிநாடு கண்மாய் நிறைந்த ஆண்டில் போய்ப் பாருங்கள். மறுகரை கண்ணுக்கு எளிதில் பிடிபடாது. கலிங்கு பாய்கிறது என்று தெரிந்தால் போதும், டவுனிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுவார்கள். டிக்கெட் இல்லை, கேட் இல்லை. வெள்ளத்தைக் கண்டு பயப்படாமல் கொண்டாடப் போகிற இடம் அது. (பிள்ளைகளைக் கலிங்குக்குள் மட்டும் இறக்காதீர்கள். பாசி வழுக்கும், இழுப்பு கடுமையாக இருக்கும்.)

● சித்தன்னவாசல் அறிவர் கோயிலின் விதானத்தில் இருப்பது ஒரு தாமரைக் குளம். மீன், பறவை, யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர் எல்லாம் அதில் உண்டு. 9-ம் நூற்றாண்டில் பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்பவர் இக்கோயிலைத் திருத்தியதாக அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. நீரைச் சுற்றி எல்லா உயிருக்கும் இடம் வைத்து வரைந்த அந்தச் சித்திரத்தை, பூங்கா வடிவமைக்கும் பொறியாளர்கள் ஒருமுறை அண்ணாந்து பார்க்கவேண்டும்.

● கடலோரத்துக்கும் இதே காவல் தேவை. மீமிசல் அருகே முத்துக்குடாவில் அலையாத்திக் காடு இருக்கிறது; படகில் போய்ப் பார்க்கலாம். அதன் வேர்கள் அலையின் வேகத்தைக் குறைக்கும், சேற்றைப் பிடித்து நிறுத்தும். தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டிய 448 சதுர கி.மீ. கடற்பரப்பு 2022-ல் இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது.

● 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நம் தென்னையையும் பலாவையும் சாய்த்தது. அதற்குப் பிறகு கொத்தமங்கலம் பக்கத்தில் இளைஞர்கள் சேர்ந்து குளங்களைத் தூர்வாரத் தொடங்கினார்கள். ஆயிரம் அடி போர் போட்டுத் தண்ணீர் தேடும் பகுதி அது. மரத்தை இழந்த ஊர் முதலில் குளத்தைத்தான் நினைத்தது.

● இப்போது எங்கு பார்த்தாலும் குளக்கரைப் பூங்கா பற்றிய பேச்சு. நல்லதுதான். ஆனால் கரையைச் சுற்றி கான்கிரீட் சுவர் எழுப்பி, டைல்ஸ் பதித்து, செல்ஃபி எடுக்க எழுத்துப் பலகை வைத்துவிட்டு, வரத்து வாரியைக் குப்பைக்கும் கட்டடத்துக்கும் விட்டுவிட்டால் அந்தக் குளத்துக்கு மழை வந்து சேராது. பக்கத்துத் தெருவுக்குத்தான் போகும். பாங்காக்கிலும் சிங்கப்பூரிலும் கோடிகள் செலவழித்துச் செய்தது, தண்ணீர் வருவதற்கும் போவதற்கும் வழிவிட்ட ஒரே காரியம்.

தமிழ்நாட்டில் கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. அதில் அக்டோபர் 2-ம் தேதிக் கூட்டம் வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முந்தியது. மார்ச் 22-ம் தேதிக் கூட்டம் உலகத் தண்ணீர் தினத்தன்றே வருகிறது. உங்கள் ஊர்க் கண்மாயில் பூங்கா வந்தாலும் வராவிட்டாலும், அந்தக் கூட்டங்களுக்குப் போய் இரண்டு விஷயம் கேளுங்கள்: வரத்து வாரி எங்கிருந்து வருகிறது, கலிங்குத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது? பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.