நச்சுயிரி மருந்தும் குருதிக் காவலரும்

ஒரகடத்துத் தொழிற்சாலைகளினின்று கிழக்கே வண்டலூரை அடைந்து வடக்கே திரும்பினால் தாம்பரம். 2004-ஆம் ஆண்டில் எச்.ஐ.வி. நோயாளர்க்கு இலவச மருந்து வழங்க இந்திய அரசு முதற்கண் தேர்ந்த எட்டு மருத்துவமனைகளுள் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. அம்மருந்து உடலினுள் செய்வது யாது? நச்சுயிரியைக் கொல்லும் என்பர் பலர். உண்மை அத்துணை எளிதன்று. அதனை விளக்கச் சுண்டெலியின் துணையை நாடுவோம்.

எச்.ஐ.வி. சாதாரணச் சுண்டெலியைப் பற்றாது. ஆதலின், அதற்கு உறவானதும் எலிகளுக்குக் குருதிப்புற்று விளைப்பதுமாகிய ராஷர் என்னும் நச்சுயிரியை அமெரிக்க ஆராய்ச்சியாளர் கைக்கொண்டனர். ஜிடோவுடின் என்னும் மருந்து எலிகளின் குருதியில் அதன் பெருக்கத்தை அடக்குதலை ரூத் ரூப்ரெக்ட் என்னும் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் 1986-இல் வெளியிட்டனர். 1990-இல் வெளிவந்த அவர்தம் ஆய்வு இதனினும் சுவையுடையது. நச்சுயிரி புகுந்த எலிகளுக்கு ஜிடோவுடினோடு இன்டர்ஃபெரானும் சில நாள் கொடுத்து நிறுத்தினர். பின்னர் அந்நச்சுயிரியையே மீண்டும் செலுத்தினர். எலிகள் எதிர்த்து நின்றன! அவற்றின் டி-அணுக்களைப் பெற்ற புதிய எலிகளும் காக்கப்பட்டன. மருந்து பெருக்கத்தைத் தடுத்து நின்ற இடைவேளையில் டி-அணுக்கள் பகையை அறிந்து பயின்றுகொண்டன என்பதே நாம் கொள்ளத்தக்க பொருள்.

மனிதரிடத்து இடர் பெரிது. எச்.ஐ.வி. சிறப்பாகப் பற்றுவது டி-அணுக்களுள் சி.டி.4 என்னும் வகையையே. கள்வன் ஊர்க்காவலனையே முதலில் பிணித்தாற்போலும். ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் அவை 200-க்குக் கீழ்த் தாழுமாயின் பிற நோய்கள் எளிதிற் புகும். மருந்து பெருக்கத்தை நிறுத்தவே அவை மெல்ல மீளுகின்றன. ஆயினும் சில அணுக்களின் மரபுப்பொருளில் நச்சுயிரி பதுங்கியே கிடக்கும்; மருந்தை விட்டால் மீண்டும் எழும். எலிக்குச் சில நாளிற் போதியது மனிதர்க்கு வாழ்நாள் முழுதும் வேண்டும்.

ஜிடோவுடின் எலும்பு மச்சையைத் தாக்கி இரத்தசோகை விளைப்பதும் உண்டு. இன்று பெரும்பாலோர்க்கு டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் கூடிய ஒரே மாத்திரை, நாளுக்கு ஒருமுறை. இரவும் பகலுமாக முறை மாறி உழைக்கும் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிலாளிக்கு இது சிறு வசதியன்று. மருந்தால் குருதியில் நச்சுயிரி அளவைக்கு எட்டாதபடி தாழ்ந்தே நிற்குமாயின் வாழ்க்கைத் துணைவர்க்கும் அது தொற்றாது. எந்திரத்தருகே உடன் நின்று உழைப்பவர்க்கோ எக்காலத்தும் அச்சமில்லை. வேலை தருவதற்கு முன் இச்சோதனையைக் கட்டாயமாக்கலை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியுள்ளது. ஆலைதோறும் வாயிலில் இதனைத் தமிழில் எழுதி வைத்தல் வேண்டும் என்பது எம் கருத்து.