கயிற்றின் மறுமுனையில் யார்?

உயர்தரப் புவியியல் வகுப்பு மாணவிகள் ஆறு பேர், ஒரு தோழியின் வாப்பாவும் உம்மாவும் துணைவர, சென்ற வருடம் ஹந்தானை மலையில் ஏறினோம். மானாப்புல் இடுப்பளவு நின்ற ஒரு சரிவில் மூடுபனி இறங்கியது. கீழே பேராதனை முழுவதும் மறைந்து, முன்னால் போகிறவளின் முதுகு மட்டும் தெரிந்தது. "இவ்வளவு குளிருதே, எங்கட மலைகள்ல ஏன் ஐஸ் இல்ல?" என்று ஒருத்தி கேட்டாள். வீடு வந்த பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதைத் தொடர்ந்து தேடி வாசித்ததில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன்.

நாம் மத்திய கோட்டுக்கு அருகில் இருப்பதால்தான் ஐஸ் இல்லை என்பது பாதிப் பதில். கிளிமஞ்சாரோ நம்மைவிட மத்திய கோட்டுக்கு அண்மையில் இருக்கிறது. இருந்தும் அதன் உச்சியில் பனிக்கட்டியாறுகள் உண்டு, வருடா வருடம் சுருங்கி வந்தாலும். அதன் உயரம் 5895 மீற்றர் என்பதே காரணம். ஒவ்வொரு 1000 மீற்றருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறைகிறது. கண்டி ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இங்கே சராசரி 25 பாகை செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். பூச்சியத்தைத் தொட இன்னும் 3850 மீற்றர் மேலே போக வேண்டும். நமது மிக உயர்ந்த மலையான பீதுருதாலகாலையோ 2524 மீற்றரோடு நின்றுவிடுகிறது. நுவரெலியாவில் ஜனவரிக் காலைகளில் புல்லின்மேல் படியும் உறைபனியோடு நம் நாட்டுக் கணக்கு முடிந்துவிடுகிறது.

பனிக்கட்டியாறு என்ற பெயரில் 'ஆறு' இருப்பது சும்மா அல்ல. வருடக்கணக்கில் விழும் பனி தன் பாரத்தாலேயே இறுகி ஐஸாகி, மலைச்சரிவில் மெல்ல நகர்கிறது. நடுப்பகுதி வேகமாகவும் ஓரங்கள் மெதுவாகவும் நகர்வதால் ஐஸ் வெடிக்கிறது. சரிவு செங்குத்தாகும் இடத்திலும் வெடிக்கிறது. சில வெடிப்புகள் ஒரு மாடிக் கட்டடமே உள்ளே போகும் அளவுக்கு ஆழமானவை. புதிதாக விழும் பனி அவற்றின் வாயை மூடிவிடும். மேலிருந்து பார்த்தால் சமதரை. கால் வைத்தால் பாதாளம்.

அதனால்தான் பனிக்கட்டியாற்றில் தனியே நடப்பதில்லை. மூன்று நான்கு பேர் 10, 12 மீற்றர் இடைவெளி விட்டு ஒரே கயிற்றில் தம்மைக் கட்டிக்கொண்டு நடக்கிறார்கள். கயிறு தளர்ந்து தொங்கக் கூடாது. முன்னால் போகிறவள் வெடிப்புக்குள் விழுந்தால், பின்னால் வருகிறவர்கள் அந்தக் கணமே தரையில் விழுந்து, கையிலுள்ள ஐஸ் கோடரியைப் பனியில் குத்தி, சப்பாத்தின் அடியில் கட்டிய முட்களை ஊன்றித் தடுக்க வேண்டும். பிறகு கப்பி முறையில் அவளை மேலே இழுக்க வேண்டும். ஒரு கணம் பிந்தினால் எல்லோரும் உள்ளே. நடுச்சாமத்தில் புறப்படுவதும் இதற்காகத்தான்: இரவுக் குளிரில் பனி இறுகியிருக்கும், வெயில் ஏறினால் இளகும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாதது. 5500 மீற்றரில் காற்றின் அமுக்கம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிதான். எவரெஸ்ட் உச்சியில் மூன்றிலொரு பங்கு. தலையிடி, வாந்தி, தடுமாற்றம் என்று உடல் சொல்லத் தொடங்கும். ஆனால் ஒட்சிசன் குறைந்த மூளை, "எனக்கு ஒன்றுமில்லை" என்றே சொல்லும். பேச்சு குழறுவதைக் கூட வருகிற தோழிதான் முதலில் கவனிப்பாள். அந்த நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. உச்சி கண்ணெதிரே இருக்கும்போது "இறங்குவோம்" என்று சொல்லக்கூடியவள் ஒருத்தி பக்கத்தில் வேண்டும்.

நம் நாட்டில் இதற்கு உதாரணம் உண்டு. பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர் ஜயந்தி குரு உதும்பாலவும் சிகையலங்காரக் கலைஞர் ஜொஹான் பீரிஸும் 2016 இல் சேர்ந்து எவரெஸ்ட்டுக்குப் போனார்கள். அதற்கு முன் நேபாளத்தின் 6189 மீற்றர் உயரமான ஐலண்ட் பீக்கில் இருவரும் ஏறியிருந்தார்கள். மே 21 அதிகாலை ஜயந்தி உச்சியை அடைந்தார். எவரெஸ்ட்டில் ஏறிய முதல் இலங்கையர் அவரே. ஜொஹானோ ஒட்சிசன் பிரச்சினையால் 8400 மீற்றரில் திரும்பிவிட்டார். ஜயந்தி ஏறியதைவிட ஜொஹான் திரும்பியதைத்தான் நான் அதிக நேரம் யோசித்தேன். மாதக்கணக்கான உழைப்பு, பெருந்தொகைப் பணம், எஞ்சியிருப்பது 450 மீற்றர் மட்டும். அந்த இடத்திலிருந்து திரும்பினார். 2018 மே 22 அன்று மறுபடி போய் உச்சியை அடைந்தார்.

பாகிஸ்தானின் ஷிம்ஷால் கிராமத்துப் பெண் சமீனா பெய்க் 2013 மே 19 அன்று எவரெஸ்ட்டில் ஏறினார். அந்நாட்டுப் பெண்களில் முதலாமவர். அவருடைய அண்ணன் மிர்ஸா அலி கூடவே ஏறி வந்து, உச்சிக்குச் சற்றுக் கீழே வேண்டுமென்றே நின்றுகொண்டார். தங்கை தனியே ஏறி அடையட்டும் என்பது அவரது எண்ணம்.

ஹந்தானைக்குப் போகக் கேட்டபோது எங்கள் ஆறு வீட்டிலும் முதலில் வந்த கேள்வி, "யாரோட போறீங்க?" என்பதுதான். அது எங்களை மடக்கும் கேள்வி என்று தோழிகள் முணுமுணுத்தார்கள். மலையேறுகிறவர்களும் முதலில் அதையே கேட்கிறார்கள் என்று இப்போது அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தால் அனுப்பிவிடுங்கள்.

ஐஸ் மலைக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு மிக அருகில் உள்ள பயிற்சி இடங்களில் ஒன்று டார்ஜிலிங்கின் இமாலய மலையேற்ற நிறுவனம். 1954 இல் தொடங்கப்பட்ட அங்கே டென்சிங் நோர்கே பயிற்சி இயக்குநராக இருந்தார். ஜயந்தியும் அங்கே பயின்றவர்தான். முடிச்சுப் போடுவதும், சறுக்கி விழும்போது தன்னைத் தானே நிறுத்துவதும், வெடிப்பில் விழுந்தவரை வெளியே எடுப்பதும் தொடக்கப் பாடங்கள். முடிச்சை மட்டும் நாங்கள் வீட்டு முற்றத்தில், கொடிக் கயிற்றில் பழகத் தொடங்கியிருக்கிறோம்.